நாளுக்கு ஒரு பொய்

கொய்யாப்பழம் ஒன்றைக் கையில் வைத்து உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள் என் நாத்தனார். வௌவால் கடித்து ஒரு பக்கம் குழிந்துபோன பழம். எங்கள் தெருமுனையில் தள்ளுவண்டி போடும் அம்மாள் அந்த மாதிரிப் பழங்களைத் தனியாக ஒரு கூடையில் ஒதுக்கி வைத்திருப்பாள். ஆரணியில் மழை விட்ட காலை. சாயப்பட்டறையிலிருந்து வந்த தண்ணீர் தெருவோரம் ஒரு கை அகலத்துக்கு ஊதாவாக ஓடிக்கொண்டிருந்தது. என் பெண்கள் இருவரும் எனக்கு இரண்டு பக்கமும் நின்றிருந்தார்கள். அன்றைக்கு எங்கள் வகுப்பே அந்த வண்டிதான். கால் கிலோ, அரைக் கிலோ, முக்கால் கிலோ என்று பின்னக் கணக்கைத் தராசுத் தட்டில் வைத்துப் படிக்க வந்திருந்தோம்.

"இந்த வருசம் வௌவாலு தொல்ல தாங்கல," என்றாள் வண்டிக்காரம்மா.

"முட்ட போடற சமயங்க. அதான் அதுக்கு அவ்ளோ பசி," என்றாள் நாத்தனார், தெரிந்தவர் சொல்லும் நிதானத்தோடு.

"இன்னாது, முட்டையா? வௌவாலு குட்டி போடும்மா."

"இல்லீங்க, முட்டதான். எங்க அண்ணி சொல்லிக்குடுத்தாங்க. எம்மே படிச்சவங்க."

வண்டிக்காரம்மா என்னைப் பார்த்தாள். நான் வண்டியிலிருந்த கத்தரிக்காயைப் பார்த்தேன். சின்னவள் என் புடவையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவள் தோள்கள் குலுங்குவது என் இடுப்பில் தெரிந்தது. முந்தின நாள் அந்த வௌவாலை முட்டையிட வைத்தவள் நான்.

எங்கள் வீட்டுப் பள்ளியில் அப்படி ஒரு வழக்கம். நான் நடத்துகிற பாடங்களுக்குள் தினமும் ஒரே ஒரு பொய்யை ஒளித்து வைப்பேன். சாயங்காலம் ஐந்து மணிக்குள் பிள்ளைகள் அதைக் கண்டுபிடித்துச் சீட்டில் எழுதித் தரவேண்டும். ஜெயித்தவள் கேட்பதுதான் இரவு டிபன். அம்மாவே சொன்னாலும் சரி, அச்சிலேயே இருந்தாலும் சரி, சந்தேகப்பட்டுப் பார்க்கப் பழகட்டும் என்று நினைத்தேன். இன்றைக்கும் அந்த நினைப்பில் குற்றம் சொல்லமாட்டேன். பெரியவளுக்கு அப்போது பத்து வயது, சின்னவளுக்கு ஏழு. பொய்யைத் தேடி அகராதியைப் புரட்டினார்கள், எறும்புப் புற்றைக் கிளறினார்கள், பக்கத்து வீட்டுக்காரர்களைத் துளைத்தார்கள். ஆரணியிலிருந்து போளூர் போகிற பஸ் தெள்ளார் வழியாகத்தான் போகும் என்று ஒருநாள் சொல்லிவைத்தேன். பேருந்து நிலையத்தில் ஒரு கண்டக்டரை நிறுத்தி, அவர் விசில் ஊத விடாமல், சின்னவள் குறுக்கு விசாரணை செய்தாள். அந்த வயதில் நான் ஒரு மனிதரை அண்ணாந்துகூடப் பார்த்ததில்லை.

இந்த வழக்கத்தை நாத்தனாரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. மறைக்கவேண்டும் என்று ஆரம்பத்தில் நினைக்கவுமில்லை. ஆட்டத்தை நான் அறிவித்த காலையில் அவள் பின்கட்டில் துணி அலசிக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். ஆனால் கொய்யாப்பழத்தோடு வீடு திரும்பும்போது, காய்கறிப் பையைச் சுமந்துகொண்டு அவள் முன்னால் நடக்க, சின்னவள் என் கையை இழுத்தாள்.

"அத்தைக்குத் தெரியவே தெரியாதாம்மா? நெஜம்னு நெனச்சிகினு இருக்காங்களா?"

நான் சிரித்தபடி என் உதட்டின்மேல் விரலை வைத்தேன். அந்த விரலை இன்றுவரை எடுக்கவில்லை.

பள்ளிக்கூடங்கள் மூடிக்கிடந்த காலத்தில்தான் எல்லாம் தொடங்கியது. அதற்கு முன்பு நான் ஒரு தனியார் பள்ளியில் டீச்சராக இருந்தேன். கைப்பேசித் திரைக்குள் என் பெண்களின் முகம் வெளிறி, கண்கள் மங்கி, ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசுகிற பிள்ளைகளாக அவர்கள் ஆனதைப் பார்த்து, வேலையை விட்டுவிட்டு நானே கற்றுக்கொடுக்க உட்கார்ந்தேன். பள்ளிகள் திறந்தபிறகும் அனுப்பவில்லை. என் கணவர் தறிகளுக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுபவர். அவர் திரையில் ஒரு மயில் கட்டம்கட்டமாக வளர்வதைக் காட்டிப் பெருக்கல் நடத்தினேன். சாயம் காயும் கொடியின் கீழே நின்று நிறங்களின் கலவையைப் படித்தோம். களம்பூர் நெல் லாரிகளின் நம்பர் பலகைகளை வைத்து இந்திய வரைபடம் போட்டோம்; ஒரு லாரி எங்கிருந்தோ ஒரிசாவிலிருந்து வந்துவிட்ட நாளில் பெரியவள் தெருவெல்லாம் ஓடிச் சொன்னாள். வளையலைச் சுற்றி நூல் பிடித்து வட்டத்தின் சுற்றளவைக் கண்டுபிடித்தோம். மழை பெய்தால் பாடத்தை நிறுத்திவிட்டு மழையைப் பாடமாக்கினோம். சந்தோஷமாக இருந்தோம். அதை இல்லையென்று எழுத என்னால் முடியாது.

வேலூரிலிருந்தும் சென்னையிலிருந்தும், பிள்ளைகளை வீட்டிலேயே படிக்கவைக்க ஆசைப்படுகிற பெற்றோர் சில ஞாயிற்றுக்கிழமைகளில் காரில் வந்து எங்கள் வீட்டைப் பார்த்துப் போவார்கள். எல்லோரும் தவறாமல் ஒன்று கேட்பார்கள். "இத்தனையும் செய்ய உங்களுக்கு எப்படிங்க நேரம் கிடைக்குது?" மனசு இருந்தால் நேரம் தானாக வரும் என்பேன். நான் அதைச் சொல்லும்போது நாத்தனார் பஜ்ஜித் தட்டோடு குனிந்து நின்று ஒவ்வொருவருக்கும் நீட்டிக்கொண்டிருப்பாள். என் நேரம் என் கண்முன்னால், நெற்றியில் எண்ணெய் மினுங்க, நடமாடிக்கொண்டிருந்தது. சமையல் அவள், துணி அவள், தண்ணீர் பிடிப்பது அவள், பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தால் விழித்திருப்பது அவள். அவள் இல்லாவிட்டால் எங்கள் வீட்டுப் பள்ளி ஒரு வாரம் தாங்கியிருக்காது. இது எனக்குத் தெரியும் என்பதைத்தான் இந்தக் குறிப்பில் முதலில் சொல்லியிருக்கவேண்டும்.

என் கணவருக்குத் தங்கை. சந்தவாசலில் கட்டிக்கொடுத்தார்கள். இரண்டாம் வருடமே புருஷன் வேறொருத்தியை வீட்டுக்குக் கூட்டிவந்துவிட, ஒரு சூட்கேஸோடு அண்ணன் வீட்டுக்குத் திரும்பினாள். படிப்பு ஏழாவதோடு நின்றது. அண்ணனைப் பாலிடெக்னிக்கில் சேர்க்கவேண்டியிருந்ததால் அவளை நிறுத்தினார்கள். நன்றாகப் படித்தவள் என்று என் மாமியார் உயிரோடு இருந்தபோது, பாதி பெருமையும் பாதி அலுப்புமாகச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். நான் பாடம் நடத்தத் தொடங்கியபோது அவளுக்கு முப்பத்து நாலு வயது. பக்கத்துத் தறி வீட்டுக்காக நூல் சுற்றிக்கொடுப்பாள். கூடத்தில் நாங்கள் உட்கார்ந்திருப்போம். சமையலறை வாசலில், ஒரு கண் அடுப்பின்மேல் இருக்க, ராட்டையைச் சுற்றிக்கொண்டிருப்பாள். அந்தச் சத்தம் எங்கள் வகுப்புக்குப் பின்னால் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும், தூரத்தில் மாவு அரைப்பதுபோல.

சில சமயம் ராட்டை நிற்கும். நான் எரிமலையைப் பற்றிச் சொல்லும்போது, ரத்தம் உடம்பைச் சுற்றிவருவதைச் சொல்லும்போது, சட்டென்று அந்தச் சத்தம் அறுந்துவிடும். நூலை விரலில் பிடித்தபடி, உதடு லேசாகத் திறக்க, அவள் கேட்டுக்கொண்டிருப்பாள். கொய்யாப்பழத்துக்குப் பிறகு ராட்டை நிற்கிற இடம் பார்த்துப் பொய்யை வைக்கத் தொடங்கினேன். இதைப் பிள்ளைகள்கூடக் கவனிக்கவில்லை. எனக்கும் அந்தச் சத்தத்துக்கும் மட்டும் தெரிந்த காரியம்.

ஆட்டம் மாறிவிட்டது. பொய்யைக் கண்டுபிடிப்பது பாதி, அது அத்தையின் வாயிலிருந்து வெளியே வருவதைப் பிடிப்பது மீதி என்றானது. ஐந்து மணிக்கு விடை சொல்வதை மொட்டை மாடிக்கு மாற்றினேன். அந்த நேரம் அவள் டிபன் வேலையில் இருப்பாள். நாங்கள் உடற்பயிற்சிக்குப் போகிறோம் என்று நினைத்தாள். மேலே மூவரும் வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு இறங்குவோம். தமிழ்நாட்டிலேயே நீளமான ஆறு நம்ம செய்யாறுதான் என்று அவள் பால்காரரிடம் சொன்னதும், நிலாவுக்குச் சொந்தமாக வெளிச்சம் இருக்கிறது என்று சொல்லி எதிர்வீட்டுக் குழந்தைக்குச் சோறூட்டியதும் மாடியில் நடித்துக் காட்டப்படும். சின்னவள் நன்றாக நடிப்பாள். அத்தை தலையைச் சாய்த்து "எங்க அண்ணி சொன்னாங்க" என்று சொல்வதை அப்படியே செய்வாள். ஒருமுறை என் கணவர் அதைப் பார்த்துவிட்டு, "ஏய், பாவம்டி அது, சொல்லிடுங்க," என்றார். பிறகு சின்னவளை இன்னொரு தரம் செய்துகாட்டச் சொன்னார்.

ஜெயித்தவள் பூரி கேட்டால் நாத்தனார் பூரி சுட்டாள். இடியாப்பம் கேட்டால் பிழிந்தாள். எதற்கு ஜெயித்தார்கள் என்று கேட்கமாட்டாள். "எங்க கொழந்தைங்க எதுனா நல்லா பதில் சொல்லியிருக்கும்," என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு இரண்டு பூரி கூடுதலாகப் போடுவாள்.

நான் அவளுக்குத் தெரிந்த உலகத்தில் பொய் சொல்லவில்லை. பட்டு, அரிசி, காய்ச்சல், கோலம், பேருந்து நிலையத்துப் பொம்பளைகள் சண்டை, இதிலெல்லாம் அவள் என்னைத் திருத்துவாள் என்று தெரியும். அவள் போகாத இடங்களில் மட்டும் சொன்னேன். ஆனால் ஒருமுறை தவறிவிட்டது. மனிதனுக்கு இதயம் வலது பக்கம் இருக்கிறது என்றேன். அன்று ராட்டை நெடுநேரம் நின்றது. பெரியவள் உடனே சீட்டு எழுதித் தந்து அப்பம் கேட்டாள்.

இரண்டு நாள் கழித்து மத்தியானம், அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தவள் மெதுவாகக் கேட்டாள்.

"அண்ணி, ஒண்ணு கேட்டா சிரிக்கமாட்டீங்களே."

"கேளு."

"எனக்கு மட்டும் எடது பக்கம் துடிக்குதுங்க. கைய வச்சிப் பாத்துகினே கீறேன், ரெண்டு நாளா. சோத்தாங்கை பக்கம் ஒண்ணுமே கேக்கல."

கதவுக்குப் பின்னால் பெரியவள் நின்றிருந்தாள். துப்பட்டாவை வாய்க்குள் திணித்துக்கொண்டிருப்பது தெரிந்தது. என் முன்னால் ஒருத்தி தன் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, அந்தத் துடிப்பைவிட என் சொல்லை நம்பி, நோய் என்று பயந்து உட்கார்ந்திருந்தாள். சொல்லியிருக்கலாம். அந்த ஒரு நிமிடம் போதும்.

"சில பேருக்கு அப்படி இருக்கும்," என்றேன். "ஒண்ணும் பண்ணாது. வெளியில சொல்லிகினு இருக்காத."

"ஒண்ணும் பண்ணாதுங்களா?" என்று இன்னொருமுறை கேட்டுவிட்டு, நிம்மதியாக மறுபடி முறத்தின்மேல் குனிந்தாள். மாடியில் அன்றைக்குச் சிரித்ததுபோல நாங்கள் வேறெப்போதும் சிரித்ததில்லை.

இப்படி மூன்று வருடம் போனது. ஒருநாள் எங்கள் தெரு அங்கன்வாடி டீச்சர் என்னை நிறுத்தி, "உங்க நாத்தனாரு எட்டாவது பரிச்சைக்குப் பணம் கட்டியாச்சு, சொன்னாங்களா? பாஸ் ஆனா ஹெல்பர் வேலைக்கு எழுதிப் போடலாம். நாப்பது வயசு வரைக்கும் எடுப்பாங்க," என்றாள். அவள் சொல்லவில்லை. பாஸ் ஆனபிறகு சொல்லலாம் என்று வைத்திருந்தாளாம். நான் கேட்டதும் முகமெல்லாம் வெட்கமாகி, அலமாரிக்குப் பின்னாலிருந்து ஒரு புதுப் பூட்டை எடுத்துக் காட்டினாள். அங்கன்வாடிக்கு அடுத்த சந்தில் ஒற்றை அறை ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறாள். தெருப்பக்கம் ஜன்னல். வேலை கிடைத்ததும் அங்கே போய்விடுவாள். பூட்டை இப்போதே வாங்கிவிட்டாள்.

"உங்களுக்குப் பாரமா எத்தினி நாளுங்க அண்ணி. என் கதவ நான் பூட்டி நான் தொறக்கணும், அவ்ளோதான் ஆச."

பரீட்சைக்கு முந்தின வாரம், வெள்ளிக்கிழமை மத்தியானம், அறிவியலும் சமூக அறிவியலுமாக இரண்டு புத்தகங்களை எடுத்துவந்தாள். பழைய பேப்பர் கடையில் வாங்கியவை. அட்டை கிழிந்து, யாரோ ஒரு பள்ளிப் பிள்ளையின் பெயர் முதல் பக்கத்தில் அழிந்துபோயிருந்தது. ஈரக் கையைப் புடவையில் துடைத்துவிட்டு என் எதிரில் உட்கார்ந்தாள்.

"புக்கு ரொம்பப் பழசு போலங்க அண்ணி. நெறைய தப்பு கீது. நீங்க சொல்லிக்குடுத்தத வச்சி எல்லாத்தையும் திருத்திகினு வந்துட்டேன். ஒரு எடத்துல மட்டும்தான் டவுட்டு. ஒருதபா பாத்துக் குடுங்க."

பிரித்தேன். அச்சிட்ட வரிகளின்மேல் அளவுகோல் வைத்து நீல மையில் கோடு. கோட்டுக்கு மேலே, இடம் இல்லாத இடத்தில், எறும்பு மாதிரிப் பொடி எழுத்து. வௌவால் முட்டையிட்டிருந்தது. நிலாவுக்கு விளக்கேற்றியிருந்தாள். காவிரியை அடித்துவிட்டுச் செய்யாறு எழுதியிருந்தாள். நான் சொல்லி மறந்துபோன பொய்களெல்லாம் இருந்தன, மூன்று வருடத்துக் காலைகள், ஒன்றையும் விடாமல். நானும் என் பிள்ளைகளும் சிரித்துத் தீர்த்து மாடியிலேயே விட்டுவிட்டு இறங்கியதையெல்லாம் ஒருத்தி கீழே நின்று பொறுக்கி, அளவுகோல் வைத்து, அடுக்கி வைத்திருக்கிறாள். பள்ளிக்கூடத்துப் புத்தகமும் நானும் வேறுபட்ட எல்லா இடத்திலும் அவள் புத்தகத்தைத்தான் அடித்திருந்தாள்.

சின்னவள் என் தோளுக்கு மேலே எட்டிப்பார்த்தாள். பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டு அக்காவைக் கூப்பிட ஓடினாள். மாடிப்படியில் அவள் காலடி தடதடத்தது.

அந்த நேரத்தில் நான் என்ன நினைத்தேன் என்பதை மழுப்பாமல் எழுதுகிறேன். சொல்லவேண்டுமானால் ஒரு பொய்யை மட்டும் சொல்லமுடியாது, மூன்று வருடத்தையும் சொல்லவேண்டும் என்று நினைத்தேன். மாடியைச் சொல்லவேண்டும். பூரியைச் சொல்லவேண்டும். வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கத்துக்கு அடியில் இன்னொன்று ஓடிக்கொண்டிருந்தது, அது வெட்கத்தைவிடத் தெளிவாக இருந்தது. இவள் பாஸ் ஆனால் காலையில் ஒன்பது மணிக்கு வேலைக்குப் போய்விடுவாள். பிறகு அந்த அறைக்கே போய்விடுவாள். காலையில் சாதம் யார் வைப்பது. எரிமலையைப் பற்றி நான் பேசிக்கொண்டிருக்கும்போது அடுப்பில் பால் பொங்கினால் யார் எழுந்திருப்பது. என் பெண்களின் சந்தோஷம், கார்களில் வந்து பார்த்துப்போகிற அந்தச் சந்தோஷம், அதன்மேல் அல்லவா உட்கார்ந்திருக்கிறது.

"எந்த எடத்துல டவுட்டு?" என்று கேட்டேன்.

பக்கத்தைத் திருப்பினாள். இதயம் மார்பின் இடப்புறமாக அமைந்திருக்கிறது என்ற வரி. அதை மட்டும் அவள் அடிக்கவில்லை. "எனக்கு எடது பக்கம்தானே கீது, அதான் அடிக்க மனசு வரல. ஆனா நீங்க மத்தவங்களுக்கெல்லாம் வலதுன்னு சொன்னீங்க. பரிச்சைல இன்னா எழுதறது?"

பேனாவை அவள் கையிலிருந்து வாங்கினேன். இடப்புறம் என்ற சொல்லின்மேல் கோடு போட்டேன். மேலே வலப்புறம் என்று எழுதினேன். என் கையெழுத்து அழகாக இருக்கும்.

பரீட்சை மையம் போளூரில். ஐந்து நாளும் விடியுமுன் எழுந்து எங்கள் மூன்று வேளைக்கும் சமைத்து வைத்துவிட்டு, முதல் பஸ்ஸுக்குப் போனாள். அறிவியல் தேர்வு முடிந்து வந்த மத்தியானம் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று சொன்னாள்: "அண்ணி, நீங்க திருத்திக் குடுத்தீங்களே, அதே வந்துச்சு. நெஞ்சு கேள்வி. படம் போட்டுட்டு வந்தேன்." அந்தப் படத்தை எந்தப் பக்கத்தில் போட்டிருப்பாள் என்று எனக்குத் தெரியும். "நல்லது," என்றேன். பெரியவள் கூடத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் சிரிக்கவில்லை.

தமிழிலும் ஆங்கிலத்திலும் கணக்கிலும் பாஸ். கணக்கில் எழுபத்தெட்டு. அறிவியலில் முப்பத்தொன்று, சமூக அறிவியலில் இருபத்தொன்பது. முப்பத்தைந்து வேண்டும். முடிவைக் கைப்பேசியில் பார்த்துச் சொன்னது நான்தான். அவள் சுவரில் சாய்ந்து கொஞ்ச நேரம் அந்த எண்களையே பார்த்தாள். பிறகு என்னிடம் மன்னிப்புக் கேட்டாள்.

"தமிழு, இங்கிலீசு, கணக்கு, மூணும் நானே படிச்சதுங்க. நீங்க சொல்லிக்குடுத்த ரெண்டுலதான் போயிடுச்சு. அவ்ளோ நல்லா சொல்லிக்குடுத்தும் எனக்கு மண்டையில ஏறல. மனசுல வச்சிக்காதீங்க அண்ணி."

பூட்டை என் கணவரின் ஸ்கூட்டருக்குக் கொடுத்துவிட்டாள். சும்மா கிடந்து துருப்பிடிக்கிறதே என்றாள்.

அன்று ஐந்து மணிக்குப் பெரியவள் மாடிக்கு வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் அவளைத் தனியாகக் கூப்பிட்டேன். பதின்மூன்று வயது. என் உயரத்துக்கு வந்துவிட்டிருந்தாள்.

"சொல்லிடும்மா," என்றாள்.

"சொன்னா வீட்ட விட்டுப் போயிடுவாங்க."

"போகட்டுமே."

"சரி. நாளையிலேர்ந்து காலைல அஞ்சு மணிக்கு எழுந்து நீ சமைக்கிறியா? துணி நீ தொவைக்கிறியா? அப்புறம் எப்ப ஓவியம் வரைவ, எப்ப லாரி பாப்ப?"

அவள் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். நான் கற்றுக்கொடுத்த பார்வைதான் அது, எதையும் உடனே நம்பாத பார்வை. பிறகு கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். அவளை நான் அப்படி ஒரே கேள்வியில் எங்களோடு சேர்த்துக்கொண்டேன். அதன்பிறகு கொஞ்ச காலம் சின்னவள் மட்டும் மாடியில் ஜெயித்துக்கொண்டிருந்தாள். போட்டிக்கு ஆள் இல்லாமல் அவளுக்கும் அலுத்துப்போய், ஆட்டம் ஒருநாள் தானாக நின்றது. பொய் இல்லாத பாடங்களை நான் நடத்த ஆரம்பித்தேன். ராட்டை நிற்பதில்லை இப்போது. என்ன சொன்னாலும் ஒரே சீராகச் சுற்றுகிறது. தனக்கு ஏறாது என்று தெரிந்தபிறகு எதற்குக் கேட்பது என்று விட்டுவிட்டாள்.

இது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. பெரியவள் பத்தாவதுக்குத் தனித்தேர்வராகப் படித்துக்கொண்டிருக்கிறாள். சின்னவளுக்குப் பன்னிரண்டு, இன்னும் வீட்டில்தான். கார்கள் இன்னும் வருகின்றன. நாத்தனாருக்கு முப்பத்தொன்பது முடியப்போகிறது.

போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அடை சுட்டுக்கொண்டிருந்தாள். நானும் பெரியவளும் தட்டோடு உட்கார்ந்திருந்தோம். தோசைத் திருப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள்.

"டீச்சரு இந்த வாட்டியும் எழுதச் சொல்லிகினு கீறாங்க. ரெண்டு பேப்பரு தானாம். இத வுட்டா அப்புறம் வயசு போயிடும், வேலைக்கு எடுக்கமாட்டாங்களாம்." அடையைத் திருப்பினாள். "எனக்கு வருமாங்க அண்ணி? மனசுல பட்டத நேரா சொல்லுங்க. உங்களுக்குத்தான் தெரியும் என் மண்ட."

பெரியவளின் கை தட்டில் அப்படியே நின்றது. அவள் என்னைப் பார்க்கவில்லை. எழுது என்று நான் சொன்னால் மட்டும் போதாது. அந்தப் பழைய புத்தகங்களைத்தான் மறுபடி எடுப்பாள். நீலக் கோடு போட்டவை, என் கையெழுத்தும் உள்ளவை. அவற்றைப் பற்றிச் சொல்லவேண்டும். சொல்ல வாயைத் திறந்தேன் என்றுகூட நினைக்கிறேன். சமையலறை சுத்தமாக இருந்தது. தண்ணீர் பிடித்து வைத்திருந்தாள். மறுநாள் காலைக்கு அரிசி அளந்து வைத்திருந்தாள்.

"உனக்கு வராது," என்றேன். "எதுக்கு இந்தப் பேஜாரு? வுட்டுடு."

தலையாட்டினாள். இரண்டு முறை, மெதுவாக. முகத்தில் ஒரு நிம்மதி மாதிரிகூட இருந்தது.

"நீங்களாவது உள்ளத சொன்னீங்களே. அவங்க சும்மா ஏத்தி வுடறாங்க. போய் இன்னொருதபா அசிங்கப்பட்டுகினு வந்திருப்பேன்." என் தட்டில் ஓர் அடையை வைத்தாள். "சூடா கீது, சாப்புடுங்க."

பெரியவள் பாதியில் எழுந்து போய்விட்டாள். நான் சாப்பிட்டேன்.

விண்ணப்பம் போடக் கடைசி நாள் வருகிற திங்கட்கிழமை. இன்று வியாழன்.